வெள்ளிக்கிழமை இடுக்கி

எல்லையாற்றங்கரை ஊரான லா ஃபேரியாவில் படித்து வளர்ந்த எவரையும் நிறுத்தி, டெல்ஃபினா லோங்கோரியாவின் முகம் எப்படியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கண்களை மட்டும்தான் சொல்வார்கள். பள்ளிப் பேருந்தில், ஓட்டுநரான அவள் தலைக்கு மேலே மாட்டியிருக்கும் நீளக் கண்ணாடியில் தெரிகிற கண்கள். மீதி முகம் யாருக்கும் நினைவில்லை. கடைசி வரிசையில் எவன் எவனுடைய காதில் எச்சில் விரலை விடுகிறான் என்பதை அந்தக் கண்கள் திரும்பாமலே பார்த்துவிடும். இன்றைக்கு வங்கியில் மேலாளராக இருக்கிற ஆள்கூட அவளைக் கடையில் கண்டால் முதலில் கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுக்கிறான்.

ஆனால் அவளுடைய பெருமை பார்ப்பதில் இல்லை. பார்த்ததைச் சொல்லாமல் விடுவதில் இருந்தது. "பாத்ததுக்கெல்லாம் பிரேக் போட்டா பஸ் ஊரு போய்ச் சேராது" என்பாள். எச்சில் விரல்காரனை அவள் அதட்டியதில்லை. அவன் இறங்கும்போது, "வீட்டுக்குப் போனதும் கையக் கழுவு ராசா" என்பாள். அன்றைக்கு முழுவதும் அவனுக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவள், போன வருடம் கரும்பு வெட்டு தொடங்கிய சமயத்தில், தன் கணவர் பாஸ்குவாலின் வலது கை நடுங்குவதைப் பார்த்தாள். பிரேக் போடவில்லை.

வேறு காரியங்கள் செய்தாள். அவருடைய பட்டன் சட்டைகளையெல்லாம் மாதாகோவிலுக்குத் தானம் கொடுத்துவிட்டு, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் முத்துப் பொத்தான் வைத்த சட்டைகளாக வாங்கி வந்தாள். "இதுலதான் நீ குதிரைக்காரன் மாதிரி இருக்க கெழவா" என்றாள். காபிக் கோப்பையைப் பாதிதான் நிரப்பினாள். இரண்டு தடவை ஊற்றினாள். சனிக்கிழமை டாமினோ ஆட்டத்துக்கு அவர் ஏன் வருவதில்லை என்று சிநேகிதர் நியேவெஸ் கேட்டபோது, "அவருக்கு உங்க பொய்யாட்டம் சலிச்சுப் போச்சாம்" என்று ஒரே அடியில் வாயை அடைத்தாள். கட்டைகளை நிற்கவைக்க அவரால் முடியவில்லை என்பது மேசைக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். கடைசியாக, தீவனக் கடையில் போய், கறி திருப்புவதற்கு இருப்பதிலேயே கனமான இரும்பு இடுக்கி ஒன்றை வாங்கிவந்து பழையதின் இடத்தில் மாட்டினாள். கனம் இருந்தால் நடுக்கம் கொஞ்சம் அடங்கும்.

பாஸ்குவால் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நல்ல இல்லறம் என்பது பாதி காதல், மீதி கண்டுகொள்ளாமை.

இடுக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோங்கோரியா குடும்பத்தில் அது செங்கோல். ஊருக்கு மேயர் தேர்தல் வரும், போகும். வேலிக் கம்பிகளில் சுவரொட்டி ஆடும். தோற்றவர் ஜெயித்தவரைத் திருடன் என்பார். அடுத்த முறை இருவரும் வசனத்தை மாற்றிக்கொள்வார்கள். இடுக்கிக்குத் தேர்தல் கிடையாது. பிடித்தவர் பிடித்தபடி, கை விழும்வரை. எண்ணெய்க் கிணற்றுக் குழாயை நெடுக்காகப் பிளந்து, பற்றவைத்து, நான்கு கால் கொடுத்த அந்தக் கம்பியடுப்பைச் சுற்றி ஆண்கள் நிற்பார்கள். அவர்களுக்கு அறிவுரை சொல்லும் உரிமை மட்டும் உண்டு. ஒருவர் "திருப்பு" என்பார். இன்னொருவர் "இப்பத் திருப்பாத" என்பார். இடுக்கிக்காரர் இரண்டையும் கேட்டுக்கொண்டு மூன்றாவதாக ஒன்றைச் செய்வார்.

பெண்களுக்கு அந்த அடுப்பில் ஒரு மூலை உண்டு. டெல்ஃபினா அந்த மூலையில் கேசடியா சுடுவாள். டோர்ட்டியா என்கிற கோதுமை ரொட்டியை மடித்து உள்ளே சீஸ் வைத்துத் தணலில் காட்டி எடுக்கும் அந்தப் பண்டத்தை ஆண்கள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பல் முளைக்காதவர்களுக்கும் பல் போனவர்களுக்கும் உரியது. ஆனாலும் அந்தப் பக்கமாக நடக்கிற ஒவ்வொரு ஆணும் 'உப்புப் பார்க்க' என்று இரண்டை எடுத்துப் போவான். ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் அந்தப் பக்கம் நடக்க ஏதாவது வேலை வந்துவிடும்.

பாஸ்குவாலுக்கு முன்னால் இடுக்கி அவருடைய சித்தப்பா லிப்ராடோவிடம் இருந்தது. ஓர் ஈஸ்டர் அன்று அவர் ஒரு முழு விலா எலும்புப் பாளத்தை மண்ணில் தவறவிட்டார். யாரும் ஒரு வார்த்தை குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் மோசம். பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை பின்னிய மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு, அவரை அதில் உட்காரவைத்தார்கள். வருகிறவர்களுக்குக் குளிர்பானம் எடுத்துக் கொடுக்கும் கௌரவப் பதவி. அந்த நாற்காலியிலிருந்து அவர் அப்புறம் சரியாக எழுந்திருக்கவே இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. அவரை எதுவும் கேட்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவரும் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அந்த நாற்காலி இன்னும் கார் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறது. டெல்ஃபினா ஒவ்வொரு நாளும் காரை எடுக்கும்போது அதைப் பார்க்கிறாள்.

அதில் பாஸ்குவாலை உட்காரவைக்கக் காத்திருந்தவன் ஒன்றும் வில்லன் இல்லை. அவருடைய அக்கா ஒட்டிலியாவின் மகன் ராமிரோ. வீடுகளுக்கு ஏசி மாட்டுகிறவன். மாமா மேல் உயிர். அன்பின் தொல்லையே அதுதான். வெறுப்பாக இருந்தால் திட்டி அனுப்பிவிடலாம். அவன் மரத்தூள் உருண்டையில் எரிகிற ஒரு புது அடுப்பு வாங்கியிருந்தான். சூடு எவ்வளவு என்று அது கைபேசிக்குச் செய்தி அனுப்பும். இறைச்சி வெந்ததும் மணியடித்துக் கூப்பிடும். கிறிஸ்துமஸ் அன்று ராமிரோ சொன்னான்: "மாமா, ஈஸ்டருக்கு நீங்க சும்மா ஜம்முனு உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

"அப்பப் பாப்போம்" என்றார் பாஸ்குவால். டெல்ஃபினாவின் கண் கொட்டகைச் சுவருக்குப் போய் வந்தது.

ஈஸ்டருக்குச் சில வாரங்கள் முன்னால், கால்நடைக் கண்காட்சிக்காகப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரு நாள் விடுமுறை விட்டார்கள். பிள்ளைகள் ஆட்டையும் பன்றியையும் பவுடர் போட்டுக் கூட்டிக்கொண்டு போகிற நாள். டெல்ஃபினாவுக்கும் பஸ் கிடையாது. வாராவாரம் வராத விடுமுறை, சும்மா விடலாமா? வீட்டுக் கொல்லையில் கறி சுடுவதென்று குடும்பம் ஒரு மனதாக முடிவு செய்தது. ராமிரோவும், "அப்படியே ஈஸ்டருக்கு ஒத்திகை பாத்த மாதிரி இருக்கும்" என்றான். முதல்நாளே இருபத்தைந்து பவுண்டு ஃபஹீட்டா, அதாவது மாட்டின் வயிற்றுத் தசை, எலுமிச்சையிலும் பூண்டிலும் ஊறப் போனது. பயறு வெந்தது. காலையில் பாஸ்குவால் கருவேல விறகை இரும்புப் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினார். நம் ஊர்க் காட்டை அழிக்கிறதென்று பழி சுமக்கும் அதே சீமைக் கருவேலத்தின் பங்காளிதான். இங்கே அது இல்லாமல் நல்லதும் கெட்டதும் நடக்காது.

நடுப்பகலில் ஒட்டிலியா வந்தாள். ஒரு கையில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்துக்கென்றே செய்கிற, வெல்லப்பாகும் ரொட்டியும் திராட்சையும் போட்ட புட்டிங். மறு கையில் ஜெபமாலை. அந்தத் தவக்காலத்தில் அவள் வம்பு பேசுவதை ஆண்டவருக்காக விட்டிருந்தாள். மற்றவர்கள் பேசும்போது பக்கத்தில் நின்று கேட்பதோடு சரி.

கொல்லைக்குள் காலெடுத்து வைத்தவள் நின்றாள். மூக்கை உயர்த்தினாள்.

"டேய் பாஸ்குவால், என்னடா வாசனை இது?"

"சொர்க்க வாசனைக்கா. இன்னும் தணல்லயே போடல, பெட்டியத் தொறந்ததுக்கே இப்படி."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"லீவு நாளு."

"லீவு நாளுக்குக் கிழமை கிடையாதா?"

பாஸ்குவால் நியேவெஸைப் பார்த்தார். நியேவெஸ் ராமிரோவைப் பார்த்தார். ராமிரோ கைபேசியைப் பார்த்தான்; எல்லாம் தெரிந்த அந்தப் பொருளுக்கு இது மட்டும் தெரியாதா? தெரிந்திருந்தது. நியேவெஸ் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கறி தொடக் கூடாத சுத்தபோசன நாள். அத்தனை பேரும் ஞானஸ்நானம் வாங்கிய கத்தோலிக்கர்கள். பல பேர் தவக்காலத் தொடக்கத்தில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. விடுமுறை என்றதும் கிழமையே கரைந்துவிட்டது.

"மறந்துட்டோம்க்கா. மறந்து செஞ்சா பாவமில்ல" என்றார் பாஸ்குவால்.

"மறந்து தின்னாத்தான் பாவமில்ல. நாந்தான் ஞாபகப்படுத்திட்டேனே."

"அப்ப நீ வந்ததுதான் பாவம்" என்றார் நியேவெஸ்.

வேதசாஸ்திரம் சூடு பிடித்தது. பசித்த ஆணுக்கு வருகிற இறையியல் ஞானம் பட்டம் வாங்கினாலும் வராது. கோழி பறக்கும் ஜாதி, ஆகவே இறைச்சியில் சேராது என்றார் நியேவெஸ். "உங்க வீட்டுக் கோழி எப்பய்யா பறந்துச்சு? வேலி தாண்டவே பஸ் பிடிக்கும்" என்றாள் டெல்ஃபினா. இந்த மாட்டுக்கறி எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டில் வாங்கியது, அந்த மறைமாவட்டச் சட்டம் வேறாக இருக்கலாம் என்றான் ராமிரோ. பயறையாவது சாப்பிடலாமே என்று மூடியைத் திறந்தால் அதில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் மிதந்தன. "அத மட்டும் பொறுக்கிப் போட்டுடறேன்" என்று நியேவெஸ் கரண்டியை எடுத்தார். ஒட்டிலியா கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் ராமிரோ பங்குச் சாமியார் ஒபின்னாவுக்குப் போன் போட்டான்; எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"ஃபாதர், ஒரு சின்ன விலக்கு வேணும்."

"எவ்வளவு பெரிய சின்ன விலக்கு?"

"இருபத்தஞ்சு பவுண்டு, ஃபாதர்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஜெபித்தாரோ, எச்சில் விழுங்கினாரோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். "நாளைக்கு சனிக்கிழமை" என்றார் சாமியார். "நாளைக்கும் நெருப்பு எரியும். கறிய ஐஸ்ல வைங்க. சாயங்காலம் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு முன்னாடி நானே வந்து பாக்கறேன்."

"கறியவா, ஃபாதர்?"

"உங்களை."

போன் அணைந்தது. பீப்பாயில் விறகு அற்புதமாகத் தணலாகிக்கொண்டிருந்தது. அவ்வளவு நல்ல தணல், மேலே போட ஒன்றுமில்லை.

"மதினி" என்றார் நியேவெஸ், டெல்ஃபினாவைப் பார்த்து, முதல் தடவையாகக் குரலில் மரியாதையோடு. "உங்க மூலையில சுடுவீங்களே, அதுக்கு சீஸ் எவ்வளவு இருக்கு?"

எல்லோர் முகத்திலும் விளக்கு எரிந்தது. டெல்ஃபினா மட்டும் பாஸ்குவாலின் கையைப் பார்த்தாள்.

ஏனென்றால் கறி பெருந்தன்மையானது. கனமாக இருக்கும், வைத்த இடத்தில் கிடக்கும், கை நடுங்கினால் அந்த நடுக்கத்தைத் தன் எடைக்குள் வாங்கிக்கொள்ளும். கேசடியா அப்படியில்லை. அதற்கு ஒரு பக்கம் மடிப்பு, மூன்று பக்கம் வாய். சீஸ் உருகியதும் லேசாக அசைந்தால் போதும், வாயைத் திறந்து வயிற்றிலிருப்பதை நெருப்பில் கொட்டிவிடும். ஒத்திகைக்கு இதைவிடக் கெட்ட பண்டம் கிடையாது.

"நீ உக்காரு கெழவா. சில்லறை வேலை. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் பார்த்தாள்.

பாஸ்குவால் நிமிர்ந்தார். "மூலையில சுட்டா சில்லறை வேலை. இன்னைக்கு மூலை ஏது? அடுப்பு முழுக்க அதுதான். முழு அடுப்புன்னா இடுக்கி என் கையிலதான்."

சட்டப்படி அவர் சொன்னது சரி.

சீஸ் மட்டும் போதாதென்று டெல்ஃபினாவும் ஒட்டிலியாவும் பின்வேலிக்குப் போய்ச் சப்பாத்திக்கள்ளியின் இளம் மடல்களை வெட்டினார்கள். டெல்ஃபினா மடலைப் பிடிக்க, ஒட்டிலியா கத்தியால் முள்ளைச் சீவினாள்.

"தம்பி கைய நானும் பாத்தேன்" என்றாள் ஒட்டிலியா, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாதாகோவில்ல பாட்டுப் புஸ்தகம் பிடிச்சிருந்தான். தாள் காத்துல ஆடுதோன்னு நெனச்சேன். உள்ள ஏது காத்து?"

டெல்ஃபினா மடலைத் திருப்பிப் பிடித்தாள்.

"நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. தவக்காலம் பாரு." அடுத்த மடலை எடுத்தாள். "ஈஸ்டருக்கப்புறம்தான்."

வாக்குறுதிகளிலேயே இது பயங்கரமானது. ஈஸ்டர் ஞாயிறு மதியம் ஆலயமணி அடித்து முடிவதற்குள் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஊர்கள் முழுக்கத் தெரிந்துவிடும். டெல்ஃபினா ஒரு முள்ளை விரலிலிருந்து பிடுங்கினாள். பின் வரிசையில் எல்லாப் பயல்களும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது.

மடல்களையும் பெரிய பச்சை மிளகாய்களையும் வெங்காயத்தையும் தணலில் வாட்டி, கீற்றாக அரிந்தாள். அவள் கையால் தேய்த்த டோர்ட்டியாக்கள் துணிக்குள் அடுக்கியிருந்தன. "மாவுல பன்னிக் கொழுப்பா?" என்று ஒட்டிலியா கேட்க, "எண்ணெய்தான். உங்க தம்பிக்குக் கொழுப்பு ஏற்கனவே ஜாஸ்தி" என்றாள். பாதி டோர்ட்டியாவில் துருவிய சீஸ், அதன்மேல் கள்ளி, மிளகாய், வெங்காயம், மறுபடி மெல்லிசாகச் சீஸ். ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டு மடிப்பு. மேலே எண்ணெய் தடவித் தட்டில் அடுக்கினாள். வழக்கத்தைவிடக் குறைவாகவே நிரப்பினாள். ஓர இடத்தை இரண்டு விரலாக்கினாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஆண்கள் அடுப்பைச் சுற்றிக் கூடினார்கள். தணலை மண்வெட்டியால் அள்ளிக் கம்பித்தட்டுக்குக் கீழே பரப்பினார் பாஸ்குவால். மேலே உள்ளங்கையை நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "இந்தப் பக்கம் கோவமா இருக்கு" என்று தணலின் ஒரு பகுதியை ஓரத்துக்கு ஒதுக்கினார். மறுபடி கையை நீட்டினார். "இப்பப் பரவால்ல." ராமிரோ, தன் ஏசி வேலைக்கு வைத்திருந்த சூடு பார்க்கும் கருவியை எடுத்துத் தட்டில் காட்டினான்; மாமாவின் உள்ளங்கை சொன்னதையே அதுவும் சொல்ல, பையில் போட்டுக்கொண்டான்.

அதுவரை சரி. பிறகு அவர் இடுக்கியை எடுத்தார்.

முதல் நான்கைக் கம்பித்தட்டில் வைத்தார். வைப்பது சுலபம். டோர்ட்டியா பொரிந்து புள்ளி போட்டது. ஓரத்தில் சீஸ் வியர்க்கத் தொடங்கியது.

"திருப்பு மச்சான்" என்றார் நியேவெஸ்.

பாஸ்குவால் முதல் கேசடியாவை இடுக்கியால் பிடித்துத் தூக்கினார். கனமான இடுக்கி கனமாகவே ஆடியது. அது வாயைத் திறந்தது. சீஸும் கள்ளியும் சொத்தென்று தணலில் விழுந்து, சர்ரென்று எரிந்தன. கையில் வெறும் டோர்ட்டியா, நாக்கு மாதிரி, தொங்கியது.

எப்போதும் ஏழு பேர் ஏழு அறிவுரை சொல்லும் அந்த இடத்தில் யாருக்கும் அறிவுரை வரவில்லை. டெல்ஃபினாவுக்கு அந்த அமைதி தெரியும். லிப்ராடோ சித்தப்பாவின் கையிலிருந்து விலா எலும்புப் பாளம் மண்ணில் விழுந்தபோது கேட்ட அதே அமைதி. அடுத்து யாராவது நாற்காலி எடுத்துவரப் போவார்கள்.

"புகை கண்ணுல பட்டுருச்சு" என்றார் பாஸ்குவால்.

"ஆமா மாமா, காத்து மாறி அடிக்குது" என்றான் ராமிரோ, மிகவும் மென்மையாக. கையை நீட்டினான். "குடுங்க. நீங்க கொஞ்சம் நெழல்ல உக்காருங்க."

மற்ற மூன்றும் அடியில் கருகிக்கொண்டிருந்தன. கண்டக்டர் இல்லாத பஸ் ஓட்டிய அத்தனை வருடமும் டெல்ஃபினாவின் குரலுக்கு வந்து சேர்ந்தது.

"ராமிரோ! கைய எடு. வெள்ளிக்கிழமை ஆம்பள எவனாவது இடுக்கி தொடுவானா?"

ராமிரோவின் கை அந்தரத்தில் நின்றது. ஐந்து வயதில் அந்தப் பஸ்ஸில் ஏறியவன்தானே.

"என்ன அத்தை?"

"தவக்கால வெள்ளிக்கிழமை பொம்பளைங்கதான் திருப்பணும். ஆண்டவரோட கல்லறைக்கு மொதல்ல போனது யாரு? பொம்பளைங்கதான? அதுக்குத்தான்." எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. வந்ததைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மாமா மறந்துட்டாரு. கெழமையே மறந்தவருக்கு இது எங்க ஞாபகம் இருக்கும்? அதான் கொட்டிருச்சு."

"நான் இந்த மாதிரி கேள்விப்பட்டதே இல்லையே மதினி" என்றார் நியேவெஸ்.

"வெள்ளிக்கிழமை கறி திங்கப் பாத்த ஆளு நீ. எதத்தான் கேள்விப்பட்டிருக்க?"

எல்லோரும் ஒட்டிலியாவைப் பார்த்தார்கள். குடும்பத்தில் எந்தச் சடங்கானாலும் கடைசித் தீர்ப்பு அவளுடையது. அவள் புட்டிங்கின் மேல் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க பாட்டி இருந்த காலத்துல" என்றாள் ஒட்டிலியா நிதானமாக, "வெள்ளிக்கிழமை தாத்தா அடுப்புத் தட்டத் தொட்டாருன்னு மூணு நாள் பேசல."

தவக்காலத்துக்காக அவள் வம்பைத்தான் விட்டிருந்தாள். பொய்யை விடவில்லை.

இனி ஒரே ஒருவர் மிச்சம். பாஸ்குவால் இடுக்கியோடு நின்றார். அவருக்குப் பாட்டியும் தெரியும், தாத்தாவும் தெரியும். தாத்தாவிடம் அடுப்பே கிடையாது என்பதும் தெரியும். டெல்ஃபினாவைப் பார்த்தார். கண்ணாடி ஏதுமில்லாமல், நேராக. முத்துப் பொத்தான், பாதிக் கோப்பை, டாமினோ, கையிலிருக்கும் இந்தக் கனத்த இரும்பு எல்லாம் அந்தப் பார்வையில் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து உட்கார்ந்தன. அவர் முகம் முதலில் சிவந்தது. 'வேண்டாம் போ' என்று சொல்லிவிடுவார் என்றே அவள் நினைத்தாள்.

"பாதிதான் சொன்ன" என்றார்.

"என்ன பாதி?"

"திருப்பறது பொம்பள. நெருப்பு ஆம்பளயோடது. அதையும் சேத்துச் சொல்லு. நெருப்ப விட்டுட்டு இடுக்கிய மட்டும் எடுத்துட்டுப் போகலாம்னு பாக்கறியா?"

இடுக்கியை அவளிடம் நீட்டினார். அது அவர் கையிலிருந்து அவள் கைக்கு வரும்வரை ஆடியது. யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தவர்கள் தணலைப் பார்த்தார்கள்.

அப்புறம் நடந்தது வெறும் வேலை. கருகிய மூன்றும் நியேவெஸின் நாய்க்குப் போயின. பாஸ்குவால் தணலுக்கு மேலே உள்ளங்கையை நீட்டுவார். கை நடுங்கத்தான் செய்தது; ஆனால் உள்ளங்கைக்கு ஒன்றும் மறக்கவில்லை. "அந்த வரிசைய எடு. இது பொறுக்கும். இதுக்கு அரை நிமிஷம் குடு." ஒரு கட்டை சேர்ப்பார், தணலை ஒதுக்குவார், நெருப்பு நாக்கை நீட்டினால் சாம்பலைத் தூவி அடக்குவார். டெல்ஃபினா ஒவ்வொன்றையும் தூக்காமல், மடிப்பு விளிம்பின் மேலேயே புரட்டினாள், புத்தகத்தில் தாளைத் திருப்புகிற மாதிரி. வாய் ஒருபோதும் நெருப்பைப் பார்க்கவில்லை.

"இதை மொதல்லயே சொல்லிக் குடுத்திருக்கலாம்ல" என்று முணுமுணுத்தார் பாஸ்குவால்.

"நீ என் மூலைக்கு எப்ப வந்த?"

"உப்புப் பாக்க வந்தேனே."

"வாய்தான் வந்துச்சு. கண்ணு எங்க வந்துச்சு?"

சாயங்காலம் ஒபின்னா சாமியார் வந்தபோது இருபத்தைந்து பவுண்டு கறி ஐஸில் சமாதானமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது கேசடியாவை அவர் கடித்திருந்த நேரம் பார்த்து ராமிரோ கேட்டான்: "ஃபாதர், தவக்கால வெள்ளிக்கிழமை பொம்பளைங்கதான் திருப்பணும்கறது நெசமா?"

சாமியாரின் வாய்க்கும் கையிலிருந்த துண்டுக்கும் நடுவே சீஸ் நூலாக நீண்டிருந்தது. அவர் ஒரு கையைத் தூக்கினார். கொஞ்சம் பொறு என்று அதற்கு அர்த்தம். கூட்டம் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டது. திருச்சபையில் எத்தனை விஷயம் இப்படி உறுதியானதோ, நமக்கென்ன தெரியும்.

எல்லோரும் சிலுவைப்பாதைக்குப் போன பிறகு இரண்டு பேரும் கம்பித்தட்டைச் சுரண்டினார்கள். அவர் பிடித்துக்கொள்ள, அவள் சுரண்டினாள்.

"எப்பலேருந்து தெரியும்?" என்றார் பாஸ்குவால்.

"கரும்பு வெட்டு சமயத்துலேருந்து."

"எனக்கு அதுக்கும் முன்னாலருந்து." தட்டைத் திருப்பிப் பிடித்து, "திங்கக்கிழமை ஒரு நரம்பு டாக்டருக்குப் போன் பண்ணிப் பாரு" என்றார்.

"திங்கக்கிழமை நான் பஸ் விட்டுட்டு வரும்போது கெளம்பி நில்லு. நேரம் வாங்கி மூணு வாரமாச்சு."

"நான் வரமாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"குதிரை கண்காட்சின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

ஈஸ்டர் வந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே என்று நியேவெஸ் நியாயம் பேசிப் பார்த்தார். ஈஸ்டர் என்பது பெரிய வெள்ளிக்கிழமையின் முடிவுதானே என்று ஒட்டிலியா புதிதாக ஒரு தீர்ப்பு எழுதினாள். தவக்காலம் முடிந்தும் தம்பி கையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. தானே இட்ட பொய்க்குக் காவல் இருப்பதில் வம்பைவிடச் சுகம் கண்டுவிட்டாள். நெருப்பு பாஸ்குவாலுடையது, இடுக்கி டெல்ஃபினாவுடையது. ராமிரோவின் புது அடுப்பு புட்டிங்கைச் சூடாக வைத்திருந்தது. அவ்வப்போது மணியடித்து எல்லோரையும் கூப்பிட்டது, ஒருவரும் போகவில்லை. பச்சை வெள்ளை நாற்காலி கொட்டகையிலிருந்து வெளியே வந்தது. பாஸ்குவால் அதன் மேல் விறகு அடுக்கினார்.

இப்போது கேட்டால் அந்த வழக்கம் லோங்கோரியா குடும்பத்தில் நான்கு தலைமுறைப் பழசு. மூன்று நாள் பேசாமலிருந்த பாட்டிக்குப் பெயரும் ஊரும்கூடக் கிடைத்துவிட்டன. அதில் எல்லோரையும்விடக் கறார் ராமிரோதான். போன வாரம் அவனுடைய மச்சினன் ஒருவன், விவரம் தெரியாத டல்லாஸ்காரன், ஏதோ உதவுகிற எண்ணத்தில் இடுக்கியை எடுக்கப் போனான். ராமிரோ அவன் மணிக்கட்டில் ஒன்று வைத்தான்.

"கீழ வை. உங்க வீட்டுல பெரியவங்க ஒண்ணும் சொல்லித் தரலியா?"